மூக்குக்குத் தவசில்லை

இன்னாசித்தம்பி அண்ணை கொண்டுவந்த விளைமீன் பழுதாகிப் போயிருந்தது. பெட்டியைத் திறக்க முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் படலையைத் தாண்டும்போதே எங்கள் நாய் படுத்த இடத்திலிருந்து எழும்பி, மூக்கை நீட்டிக்கொண்டு அவருக்குப் பின்னால் வந்தது. அவரோ ஒன்றும் அறியாதவராக ஐஸ் போட்ட அந்த வெள்ளை றெஜிபோம் பெட்டியைக் குசினி வாசலில் இறக்கி வைத்து, சேட்டின் மேல்பொத்தானைக் கழற்றி விசிறிக்கொண்டு, "தங்கச்சி, இண்டைக்கு விடியக் கரைக்கு வந்தது. செவுளைப் பாருங்கோ, ரத்தம் காயேல்லை" என்றார். நான் மூடியைத் தூக்கினேன். ஐஸ் முழுக்க உருகி, மீன்கள் பழுப்புத் தண்ணீரில் மிதந்தன. நாற்றம் குப்பென்று வந்தது. கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிமிர்ந்தால், மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

"அண்ணை, மீன் மணக்குது."

"மீனெண்டால் மணக்கத்தானே செய்யும்."

பகிடியாகச் சொல்லிவிட்டுக் குனிந்து பெட்டிக்குள் முகத்தை விட்டார். ஆழமாக ஒரு மூச்சு இழுத்தார். முகத்தில் ஒரு சுழிப்பு இல்லை. நாற்பது வருடமாகப் பரந்தன் முல்லைத்தீவு வீதியில் மீன் விற்றவர், தொட்டுக்கூடப் பார்க்காமல் இது நேற்றையது, இது முந்தாநாளையது என்று சொன்னவர், அழுகின மீனுக்கு மேலே முகத்தை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு ஒரு மீனை எடுத்து வயிற்றை விரலால் அமத்தினார். விரல் உள்ளே போனது. அவருக்கு விளங்கியது அந்த விரலால்தான். மீனை மெதுவாகத் தண்ணீருக்குள் திரும்ப வைத்துவிட்டுக் குசினிப் படியில் இருந்துவிட்டார்.

"பஸ் விசுவமடுவிலை நிண்டுபோச்சுது. வெய்யிலுக்கை கன நேரம்," என்றார். சேட்டு நுனியால் விரலைத் துடைத்துக்கொண்டு, "வேறை பஸ்ஸிலை ஏறினாப் பிறகு ஒருத்தரும் எனக்குப் பக்கத்திலை இருக்கேல்லை தங்கச்சி. நிண்டுகொண்டு வந்தவையும் இருக்கேல்லை. வயசுபோன மனுசன் எண்டு மரியாதைக்கு விடினமாக்கும் எண்டு நினைச்சன்."

வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, மூக்குக்கு என்ன என்று கேட்டேன். மார்கழி மாரிக்குள் வந்த காய்ச்சலோடு மணம் போய்விட்டதாம். சாப்பாட்டில் உப்புத் தெரிகிறதாம், இனிப்புத் தெரிகிறதாம், மிச்சம் எல்லாம் கடதாசியைச் சப்பினது போலவாம். டொக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டேன். "காட்டினனான். வரும் எண்டார். வராமலும் விடும் எண்டார்," என்றார். அதன் பிறகுதான் என்னை நிமிர்ந்து பார்த்து, "ரீஓவுக்கும் யோகநாதனுக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார்.

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பின்னேரம் நடப்பதைச் சொன்னால்தான் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது விளங்கும். என் கணவர் பரமேஸ்வரன் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். இரணைமடு வாய்க்கால் எல்லாம் அவர் காலடி பட்டது. திணைக்களத்தில் ரீஓ என்று கூப்பிட்டது இன்றும் அவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யோகநாதன் என் பெரியப்பாவின் மகன், எனக்குத் தம்பி முறை, இங்கே தர்மபுரத்தில் வயலும் ஒரு சின்ன அரிசி ஆலையும் வைத்திருக்கிறான். மூன்றாவது ஆள் இன்னாசித்தம்பி அண்ணை. மீன் விற்க வந்து வாடிக்கையாகி, வாடிக்கையில் கதை நீண்டு, கதையில் ஒருநாள் ஒரு போத்தல் திறபட்டது. லண்டனிலிருந்து வந்த என் கணவரின் தமையன் விட்டுவிட்டுப் போன விஸ்கிப் போத்தல் அது. அதோடு பிடித்தது இந்தச் சனி. வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் ஒரு போத்தல் இவர்களுக்கு வந்து சேரும். வராத மாதத்தில் மூன்று பேரும் சேர்த்து வாங்குவார்கள்.

"இது குடி இல்லையப்பா, ஒப்பீடு," என்பார் இவர், என் கணவர். உண்மையைச் சொன்னால் இவர்கள் குடிகாரர் இல்லை. குடித்து விழுந்தால்கூட எனக்கு வேலை குறைவு. பாணி மருந்துப் போத்தலோடு வரும் அளவு மூடியால் அளந்துதான் ஊற்றுவார்கள். முன்பு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரம் விட்ட தகரக் கொட்டிலுக்குள் மூன்று பிளாஸ்டிக் கதிரை, ஒரு ஸ்டூல், போன மாதப் போத்தலின் மிச்சம் ஒரு பக்கம், இந்த மாதப் போத்தல் மறுபக்கம். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபலை அரசாங்க வர்த்தமானி அறிவித்தல் மாதிரி உரத்து வாசிப்பார். வாசித்து முடித்து நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவார். யோகநாதன் போனை எடுத்து, போத்தலின் விலையை மூடிக்கணக்கில் பிரித்து, இந்தக் காசுக்கு எத்தனை போத்தல் சாராயம் வாங்கலாம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவான். கடைசியில் எப்போதும் ஒரே கேள்விதான் வந்து நிற்கும். குடுத்த காசுக்குப் பெறுமதியோ, இல்லையோ?

அந்தக் கேள்விக்கு விடை சொல்வது இன்னாசித்தம்பி அண்ணையின் மூக்கு. கண்ணை மூடிக்கொண்டு கிளாசை மணப்பார். மற்ற இரண்டு பேரும் மூச்சுக்கூட விடாமல் இருப்பார்கள். "மழை பெய்ஞ்ச அடுத்தநாள் வைக்கல் போரைப் பிரிச்ச மாதிரி," என்பார். இன்னொரு போத்தலுக்கு, "கோயிலிலை பூசை உடுப்பு வைக்கிற அறையைத் திறந்த மாதிரி," என்பார். ஒருமுறை, "புதுச் சப்பாத்துப் பெட்டி. காசைக் கரியாக்கிப் போட்டியள்," என்றார். அவர் சொன்ன பிறகு இவர்கள் தங்கள் கிளாசை மணந்து பார்த்து, "ஓமோம், சப்பாத்துத்தான்" என்று தலையாட்டுவார்கள். அவர் சொன்னது உண்மையோ கதையோ, எனக்குத் தெரியாது. எனக்கு அந்தப் போத்தல்களின் பெயரே தெரியாது, படங்களைத்தான் தெரியும். மான், கப்பல், பாவாடை கட்டின மனிசன். கழுவிக் காயவைத்து மானில் நல்லெண்ணெய், கப்பலில் தேன், பாவாடைக்காரனில் மண்ணெண்ணெய். பொரிக்கிறதும் நான், கழுவுகிறதும் நான். அந்தச் சனிக்கிழமைகளில் மூன்று ஆண்கள் இருந்து கதைத்துக் களைத்துப்போவதைப் பார்த்து எனக்கு வருகிற எரிச்சலைச் சொல்லி முடியாது.

இதில் தவசுகாலம் ஒரு தனிக்கதை. அண்ணை சிலாவத்தைக் கடற்கரைக் கத்தோலிக்கர். விபூதிப் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் ஒரு துளி வாயில் வைக்கமாட்டார். ஆனால் சனிக்கிழமை மட்டும் தவறாமல் வருவார். வந்து மணந்து மட்டும் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "மூக்குக்குத் தவசில்லை. சாமியாரைக் கேட்டனான்," என்பார். சாமியார் என்ன சொன்னார் என்று கேட்டால், "சிரிச்சவர்," என்பார். தவசுகாலத்தில் அவர் சொல்லும் தீர்ப்பைத்தான் இவர்கள் இன்னும் கூடுதலாக நம்பினார்கள். குடிக்காமல் சொல்கிறவனுக்கு வெறி இல்லையே என்பது இவருடைய நியாயம்.

படியில் இருந்துகொண்டு அண்ணை சொன்னார்: "வீட்டிலை எனக்கு ஒரு குறையும் இல்லைத் தங்கச்சி. மோன் றொசான் படகைப் பாக்கிறான். ஏலத்துக்கு மீன் பிரிக்கிறது எல்லாம் மருமோள்தான். யூலியானா நல்ல பிள்ளை, நேரத்துக்குச் சாப்பாடு. சாப்பிட்டியளோ எண்டு கேப்பினம். வேறை ஒண்டும் கேக்கிறேல்லை." நாய் பெட்டியை நக்கப் பார்த்தது, காலால் தள்ளிவிட்டார். "இஞ்சை வந்தாத்தான் ஆராவது என்னட்டை ஒண்டைக் கேட்டுப்போட்டுப் பதிலுக்குப் பாத்துக்கொண்டு இருக்கினம். அதுவும் போச்செண்டால் நான் எங்கை போறது?"

சொல்லமாட்டேன் என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது? மீனை வாழையடியில் தாட்டுவிட்டு, அன்றைக்குக் கச்சான் கடலை வறுத்துக் கொடுத்தேன். கச்சான் தட்டோடு போய் நின்றபோதுதான் அவர் இந்த மூன்று மாதமாக எப்படிச் சமாளிக்கிறார் என்பதைக் கவனித்தேன். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மணந்த மனிசன் இப்போது கண்ணைத் திறந்துகொண்டு மணந்தார். யோகநாதனை முதலில் குடிக்கவிட்டு, அவன் முகம் போகிற போக்கைப் பார்த்தார். அவன் புருவத்தைத் தூக்கினால் தேன், பழம் என்றார். வாயைக் கோணினால் தீஞ்ச கட்டை என்றார். இவர்கள் வழமைபோலத் தலையாட்டினார்கள். நான் கச்சான் கோதைக் கூட்டி அள்ளிக்கொண்டு குசினிக்குத் திரும்பினேன். மற்றவருடைய இரகசியம் ஒன்றை வீட்டுக்குள் வைத்திருப்பது, வேண்டாத விருந்தாளியை வைத்திருப்பது மாதிரி. ஒவ்வொரு அறைக்குள்ளும் அதைத் தாண்டித்தான் போகவேண்டியிருந்தது.

இது இப்படியே ஓடியிருக்கும், யோகநாதனின் மகள் வினோஜாவுக்குக் கலியாணம் பொருந்தாவிட்டால். மாப்பிள்ளை சுவிஸ். மாப்பிள்ளையின் தகப்பன்காரர் பொங்கலுக்கு முன்னமே வந்து வவுனியாவில் சொந்தக்காரர் வீட்டில் நிற்கிறார். குடிவகைகளைப் பற்றி நன்றாகத் தெரிந்த மனிதராம். எங்கள் பக்கத்துக் கலியாணத்தில் மண்டபத்துக்குள் ஐயர், ஹோமம், மரக்கறிச் சாப்பாடு. ஆனால் பெண் வீட்டுப் பின்வளவில், தகரம் அடித்து மறைத்து, ஒரு மேசை கட்டாயம் இருக்கும். அங்கே வெளிநாட்டுச் சம்பந்திகளுக்கு என்ன வைத்தார்கள் என்பதைத்தான் ஊர் பிறகு வருடக்கணக்காகக் கதைக்கும். கூறைச் சேலையின் விலையை மறந்தாலும் மறப்பார்கள், மேசையில் நின்ற போத்தலை மறக்கமாட்டார்கள். நெல்லு விலை விழுந்துகிடக்கும் வருடத்தில் யோகநாதன் கடை விலைக்கு வாங்கினால் ஆலையை விற்கவேண்டியதுதான். அந்த நேரம் பார்த்து வவுனியாவிலிருந்து ஒரு பெடியன் அகப்பட்டான். ரஜிதன் என்று பெயர். விமான நிலையத்தால் வருகிற சாமான், கடை விலையில் பாதி, எத்தனை பெட்டி வேண்டுமென்றாலும் இறக்கலாம் என்றானாம்.

பாதி விலை என்றதும் யாருக்கும் வரும் பயம் யோகநாதனுக்கும் வந்தது. உண்மைப் போத்தலுக்குள் கண்டதையும் ஊற்றி மூடி விற்கிற காலம். எங்கேயோ ஒரு கொண்டாட்டத்தில் அப்படியொன்றைக் குடித்து ஆட்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒருவருக்குக் கண் போனது என்று ஒரு கதை ஊரில் உலாவியது. "அக்கா, நான் ஏன் பயப்பிடவேணும்? இன்னாசி அண்ணை ஒருக்கா மணந்து பாக்கட்டும். அவர் ஓம் எண்டால் ரெண்டு பெட்டி. இல்லையெண்டால் அவன் வந்த வழியாலை போகட்டும்," என்றான். பொங்கலுக்கு மலிவாக இரண்டு போத்தல் வாங்கி, ஒன்றைத் திறந்து அண்ணை நல்லதென்று சொன்ன பிறகுதான் மற்றதைச் சம்பந்திக்குக் கொடுத்தானாம். நான் மாதங்களை விரலில் எண்ணினேன். பொங்கல் தையில். மணம் போனது மார்கழியில்.

இரவுச் சாப்பாட்டின்போது இவரிடம், "இன்னாசி அண்ணைக்கு உடம்பு சரியில்லைப்போல. இதுக்கு அவரை இழுக்காதேங்கோவன்," என்று தொடங்கிப் பார்த்தேன். "மூக்குக்கு என்ன உடம்பு?" என்றார் இவர், சொதியை ஊற்றிக்கொண்டு. அதற்குமேல் போனால் வாய் தவறிவிடும் என்று விட்டுவிட்டேன். அடுத்தநாள் அண்ணைக்குப் போன் எடுத்தேன். எதிர்ப்பக்கம் காற்று இரைந்தது, கரையில் நின்றிருக்கவேண்டும்.

"வராதேங்கோ அண்ணை. காய்ச்சல் எண்டு சொல்லுங்கோ."

"நான் வராட்டி அவன் வேறை ஆளைக் கேப்பானோ? கேக்கமாட்டான். சும்மா வாங்கிப்போடுவான்."

"வந்து என்ன செய்வியள்? இது மார்க் போடுற விளையாட்டில்லை அண்ணை. சனம் குடிக்கப்போகுது."

"தெரியும் தங்கச்சி," என்றார். "கூடாது எண்டு சொல்லிப்போட்டால் சரிதானே? ஆருக்கும் ஒண்டும் நடக்காது."

அதில் ஒரு நியாயம் இருந்தது. கூடாது என்று சொல்ல மணம் தேவையில்லை. ஆனால் சாமான் நல்லதாக இருந்தால், ஒரு பெடியனைக் கள்ளன் என்று சொல்லி அனுப்பினதாகப் போகும். யோகநாதன் வயலை ஈடு வைத்துக் கடை விலைக்கு வாங்குவான். அண்ணைக்கும் அது தெரியாமல் இருக்காது. போனை வைத்தேன். எனக்கு அலுத்துப்போயிருந்தது. இந்த வயதில் ஒரு மனிசனின் மூக்கைக் காவல் காப்பதுதான் எனக்கு எழுதி வைத்த வேலையா?

பங்குனிச் சனிக்கிழமை, தகரக் கொட்டிலுக்குள் இருப்பது அடுப்புக்குள் இருப்பது மாதிரி. அண்ணை முதல் தடவையாக வெறுங்கையோடு வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டு, தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய இழுத்திருந்தார். பூசைக்குப் போகிற கோலம். ரஜிதன் காரில் வந்து இறங்கினான். மரியாதையான பிள்ளை, என்னை அம்மா என்றான், தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தான். "நான் குடிக்கிறேல்லை அம்மா. விக்கிறது மட்டுந்தான்," என்றான். மலைப்படம் போட்ட பெட்டியிலிருந்து போத்தலை எடுத்து ஸ்டூலில் வைத்தபோது மூன்று பேரும் கதிரையை முன்னுக்கு இழுத்தார்கள்.

இவர் லேபலை வாசித்தார். எழுத்து எழுத்தாக வாசித்து, பின்பக்கத்தையும் வாசித்து, ஒரு பிழையும் பிடிக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றினார். யோகநாதன் மூடியின் சீலைச் சுரண்டிப் பார்த்தான். "கள்ளம் செய்யிறவன் சீலிலை பிழை விடுவானோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மூடி திறபட்டது. மூன்று கிளாசில் அளந்து ஊற்றினார்கள். இவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "நல்லாய்த்தான் கிடக்கு…" என்று இழுத்து அண்ணையைப் பார்த்தார். யோகநாதன் கிளாசைத் தொடவே இல்லை. கையைக் கட்டிக்கொண்டு, "முதல் அண்ணை சொல்லட்டும். நான் பிறகு," என்றான். பார்த்துச் சொல்வதற்கு அண்ணைக்கு அன்றைக்கு அவனுடைய முகமும் இல்லாமல் போயிற்று.

நான் கச்சான் தட்டோடு கொட்டில் வாசலில் நின்றேன். உள்ளே போகவும் முடியவில்லை, திரும்பவும் முடியவில்லை. அண்ணை கிளாசை எடுத்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். தகரம் வெய்யிலில் டப்டப்பென்று வெடித்தது.

"முதலிலை தேன் மாதிரி…" என்றார். "பிறகு…"

ரஜிதன் முன்னுக்குக் குனிந்தான். "ஐயா ஓமெண்டால் நாளைக்கே ரெண்டு பெட்டியையும் இறக்கிவிடுறன்."

"பிறகு…" என்றார் அண்ணை திரும்பவும். கூடாது என்று சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிடுங்கோ, சொல்லிவிட்டு எழும்புங்கோ என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் ரஜிதனுடைய முகத்தைப் பார்த்தார், யோகநாதனுடைய முகத்தைப் பார்த்தார். கிளாசை ஸ்டூலில் வைத்தார்.

"எனக்கு மணம் இல்லை," என்றார்.

"மணம் இல்லையோ? தண்ணி கலந்திருக்கோ?" என்றான் யோகநாதன்.

"சாமானிலை இல்லை எண்டு சொல்லேல்லைத் தம்பி. எனக்கு இல்லை. மார்கழிக் காய்ச்சலோட போட்டுது. ஒரு மணமும் தெரியாது."

யோகநாதனுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் முகம் கறுத்தது. "அப்ப போன மாசம் சொன்னது?"

"சும்மா சொன்னனான்."

"பொங்கலுக்குச் சம்பந்திக்குக் குடுத்தது?"

அண்ணை தலையைக் குனிந்தார்.

"அந்தாள் அதைக் குடிச்சிட்டுதே அண்ணை!"

"ஒண்டும் நடக்கேல்லைத்தானே, விடு," என்றார் இவர்.

"நடந்திருந்தால்? நடந்திருந்தால் அத்தான், என்ரை பிள்ளையின்ரை கதி என்ன?" அவன் எழும்பி மோட்டார்சைக்கிள் திறப்பைக் கையில் எடுத்துவிட்டான். ரஜிதன் என்ன செய்வதென்று தெரியாமல் போத்தலின் மூடியைக் கையில் வைத்து உருட்டினான். அவனுக்கும் பாவம், இன்னும் இரண்டு வீட்டுக்குப் போகவேண்டுமாம்.

இவர் தன் கிளாசை எடுத்து மணந்தார், வைத்தார், திரும்ப எடுத்து மணந்தார். "எனக்கு ஸ்பிரிற்று மட்டுந்தான் மணக்குது," என்றார். "எப்பவும் அப்பிடித்தான்." நூற்றுக்கு எழுபது, அறுபத்தைந்து என்று இத்தனை வருடம் மார்க் போட்ட மனிசன் அதைச் சொல்லிவிட்டு அண்ணையிடம் திரும்பி, "ஏன் ஐசே ஒரு சொல்லுச் சொல்லேல்லை?" என்றார்.

"சொன்னால் பிறகு நான் என்னத்துக்கு இஞ்சை வாறது?"

நீங்கள் சும்மா வாங்கோ, இருந்து கதைச்சிட்டுப் போங்கோ என்று இவராவது சொல்லியிருக்கலாம். ஆண்களுக்கு அந்த நேரத்தில் வாய் திறவாது. அண்ணை கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். எண்ணெய் வைத்துப் படிய இழுத்த தலையும் வெள்ளைச் சேட்டும், வியர்வையில் ஒட்டின முதுகும். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்தது என்று தெரியாது. அவர்மீது, இவர்மீது, யோகநாதன்மீது, அந்த வெக்கைமீது எல்லாவற்றின்மீதும் வந்தது. தட்டை ஸ்டூலில் போட்ட வேகத்தில் கச்சான் சிதறியது.

"இருங்கோ அண்ணை," என்றேன். "நான் மணக்கிறன். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ."

"உமக்கென்ன விசரே?" என்றார் இவர். "உமக்கு இதைப்பற்றி என்ன தெரியும்?"

"ஒண்டும் தெரியாது. மூக்கிருக்கு."

அண்ணையின் கிளாசை எடுத்தேன். இந்த வீட்டுக்கு வந்து முப்பத்தைந்து வருடத்தில் இவருக்கு முன்னால் நான் செய்யாத வேலை அது. ரஜிதன் வேறு பக்கம் பார்த்தான். அண்ணை நின்ற நிலையில் என்னைப் பார்த்தார். பகிடி பண்ணுகிறேனோ என்று பார்த்திருக்கவேண்டும். பிறகு மெதுவாகத் திரும்ப இருந்தார்.

"உவ்வளவு கிட்டப் பிடியாதேங்கோ," என்றார். "நாடிக்குக் கீழை பிடியுங்கோ. வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு இழுங்கோ. மெல்ல."

இழுத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"எரியுது."

"அது ஸ்பிரிற்று. அது எல்லாத்திலையும் இருக்கும், அதை விடுங்கோ. அதுக்குப் பின்னாலை என்ன நிக்குது?"

போத்தல் கழுவும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு கழுவியவள் நான். பின்னால் ஒன்று நிற்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? திரும்ப இழுத்தேன். "சீனி கருகின மாதிரி."

"சீனியோ, சக்கரையோ?"

"சீனி இல்லை. பனங்கட்டி. பனங்கட்டி பாகு வைக்கேக்கை அடிப்பிடிச்ச மாதிரி."

"நல்லது," என்றார். குரல் மாறியிருந்தது. எத்தனையோ மாதமாகக் கேட்காத குரல். "அப்ப மரப்பீப்பாவிலை கிடந்த சாமான்தான். இல்லாட்டி பீப்பாவிலை கிடந்தமாதிரி ஆரோ நிறம் போட்டிருக்கிறாங்கள். அவசரப்படக்கூடாது. பிறகு?"

யோகநாதன் மோட்டார்சைக்கிளடிக்குப் போயிருந்தான். திறப்பைப் போட்டுவிட்டுத் திருகாமல் அப்படியே நின்றான். இவர் சிதறின கச்சானைப் பொறுக்கத் தொடங்கினார், சத்தம் வராமல், ஒவ்வொன்றாக.

"ஏலக்காய் கொஞ்சம். இல்லை, ஏலக்காய் இல்லை… விடுங்கோ, அது பொய்."

"பொய் சொல்லாதேங்கோ. நான் சொன்ன பொய் காணும். வந்ததை மட்டும் சொல்லுங்கோ."

கையில் கிளாஸ் சூடாகிக்கொண்டிருந்தது. சூடாக ஆக உள்ளேயிருந்து வேறொன்று மேலே வந்தது. இனிப்பில்லை, எரிவில்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த மணம், ஆனால் நாக்கில் பெயர் வரவில்லை.

"ஒண்டு இருக்கு அண்ணை. பெயர் தெரியேல்லை."

அவர் கதிரையின் விளிம்புக்கு வந்துவிட்டார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி, என் முகத்துக்கு நேரே முகத்தைக் கொண்டுவந்தார்.

"பெயர் வேண்டாம். எங்கை மணந்தனீங்கள்? எந்த இடம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

எந்த இடம்? நான் யோசித்தேன். பிடிபடுவதுபோல வந்து நழுவியது. கிளாசை நாடிக்குக் கீழே பிடித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, இன்னொரு தடவை மூச்சை உள்ளே இழுத்தேன். எனக்கு முன்னால், வெறுங்காற்றில் முகத்தை வைத்துக்கொண்டு, அவரும் இழுத்தார்.